ஒற்றைக் கதவிற்கு ஏற்ற பிணைச்சலும் பூட்டும்

வீடு எடுப்போர் நிலை வைப்பதற்கு நாளும் முகூர்த்தமும் பார்க்கின்றனர். நிலைக்கு மாவிலை கட்டிச் சந்தனமும் குங்குமமும் சாத்தி, ஓடாவியாருக்கு வேட்டியும் சால்வையும் வைத்துக் கொடுக்கின்றனர். கதவு முதிரையா தேக்கா என்று மூன்று மாதம் ஆலோசிப்பாரும் உளர். ஆயின், அந்நிலையிற் பூட்டப்படும் பிணைச்சல் எத்தகையது, பூட்டு எவ்வினத்தது, கைபிடி யாருடைய கைக்கு ஏற்றது என்பனவற்றை ஆராய்வார் மிகச் சிலரே. குடிபுகும் நாளுக்கு முந்திய மாலையில் ஒருவரை இரும்புக்கடைக்கு அனுப்பி, "கதவுச் சாமான் ஒரு செற்" என்று வாங்குவித்து அலுவலை முடித்துவிடுகின்றனர். பெருவிலை கொடுத்துப் பெற்ற கதவு, சில நூறு ரூபா மிச்சம் பிடித்த பிணைச்சலிலே தொங்கி, இரண்டு மாரி கழியுமுன் நிலத்தை அரைக்கத் தொடங்குவதைப் புது வீடுகளிலும் காண்கின்றோம்.

விழா மலருக்கு எழுதப் புகுந்த தமிழாசிரியன் இலக்கியத்தை விடுத்து இரும்புக்கடைப் பொருளை எடுத்தது என்னை என அன்பர் சிலர் வினவக்கூடும். கதவைப்பற்றிப் பேசுதற்கு நம் மொழியில் உள்ள சொற்களை எண்ணிப் பார்த்தால் அவ்வினா எழாது. கதவு, கபாடம், நிலை, தாழ், தாழ்ப்பாள், எழு, கணையம், சீப்பு, குடுமி, நாதாங்கி, கொண்டி, கொளுக்கி என ஒரு சிறு நிகண்டே அமைக்கலாம். எழுவும் கணையமும் சீப்பும் கதவிற்குக் காவலாக இடும் மரங்கள். குடுமி கதவு சுழலும் முளை. நெடுநல்வாடையின் ஆசிரியராகிய நக்கீரர் அரண்மனை வாயிலைக் கூறுமிடத்து, கதவு இரட்டை என்பதனையும், இரும்பினாற் பிணிக்கப்பட்டு அரக்குப் பூசப்பட்டது என்பதனையும், தாழ் அமைந்த வாற்றினையும், தச்சருடன் கூடநின்று கண்டவர்போல நிரல்படக் கூறியிருக்கின்றார். பிணை என்னும் வினையடியாகப் பிறந்ததே நாம் வழங்கும் பிணைச்சல் என்னும் சொல். பொருள் புலவர்க்குப் புறம்பானதன்று.

ஈண்டு ஒற்றைக் கதவை மாத்திரம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. முந்தைய நாற்சார் வீடுகளின் தலைவாயிலிற் பெரும்பாலும் இரட்டைக் கதவே இருந்தது. நாலடி வாயிலை இரண்டாகப் பகுத்தால் ஒவ்வொரு பாகமும் இரண்டடியே. பழைய கதவுகள் பல பிணைச்சலின்றிக் குடுமியிலே சுழன்றன. அவற்றின் பாரம் கீழ்க்குடுமி வழியாக நேரே வாசற்படிக்கு இறங்கிற்று. 1990 ஆம் ஆண்டிலும் 1995 ஆம் ஆண்டிலும் வீடு விட்டுப் பெயர்ந்த நம்மவர் பலர், ஆண்டுகள் பல கழித்து மீண்டபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை, சுவரே எஞ்சியது. அதன்பின் எழுந்தனவும் திருத்தப்பட்டனவுமாகிய வீடுகளிலே, அறைக்கும் தலைவாயிலுக்கும் ஒற்றைக் கதவே பெரும்பான்மையாக இடம்பெற்றது. கடைகளும் அலுவலகங்களும் அவ்வாறே. ஒற்றைக் கதவிலே பாரம் முழுவதும் ஒரு பக்கத்து நிலைக்காலில் தொங்குகின்றது. ஆதலின் இங்கே பிழை விட்டால் அது விரைவில் வெளிப்படும்.

பாரத்தின் இயல்பை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். ஏழடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பு உடைய முழுப்பலகைக் கதவொன்று தேக்காயின் ஏறக்குறைய 48 கிலோகிராம் நிறை இருக்கும். முதிரையாயின் 65 கிலோகிராமையும் தாண்டும். இந்நிறை கதவின் நடுவிலே, அஃதாவது பிணைச்சலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று கீழ்நோக்கி இழுக்கின்றது. கதவு நேர்கீழே இறங்க முயல்வதோடு, மேற்பிணைச்சலை நிலையினின்று பறித்தும் கீழ்ப்பிணைச்சலை நிலைக்குள் அழுத்தியும் முன்சாயவும் முயல்கின்றது. மேற்பிணைச்சலுக்கும் கீழ்ப்பிணைச்சலுக்கும் இடைத்தூரம் ஐந்தரை அடி எனக் கொள்வோம். நிறையை ஒன்றரையாற் பெருக்கி ஐந்தரையால் வகுத்தால் மேற்பிணைச்சலின் மீதுள்ள பறிப்பிழுவை வரும். தேக்குக் கதவிற்கு அது 13 கிலோகிராம். முதிரைக் கதவிற்கு 18. அகலத்தை நாலடியாக்கினால் தேக்குக் கதவின் நிறை 64 ஆகி, இழுவை 23 ஆகிவிடுகின்றது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூட, இழுவை ஏறத்தாழ முக்காற் பங்கு கூடுகின்றது என்பதைக் கவனிக்க. இது கதவு திறக்கும்போது மாத்திரம் உள்ள இழுவையன்று. இரவும் பகலும், பூட்டிய வீட்டிலும் உள்ளது. கைபிடியைப் பற்றித் தொங்கி ஆடும் சிறுவனை இக்கணக்கிற் சேர்க்கவில்லை.

இதனாலேயே ஐந்தடிக்கு மேல் ஏழரை அடி வரை உயரமான கதவிற்கு மூன்று பிணைச்சல் வேண்டும் என்பது பொது விதியாயிற்று. அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை அடிக்கும் ஒன்று கூட்டுக. வீட்டு அறைக் கதவிற்கு நாலங்குலப் பிணைச்சல் போதும். தடித்த தலைவாயிற் கதவிற்கு ஐந்தங்குலம் நன்று. மேற்பிணைச்சல் கதவின் தலையிலிருந்து ஆறங்குலத்திலும், கீழ்ப்பிணைச்சல் அடியிலிருந்து ஒன்பது அங்குலத்திலும் அமைதல் வழக்கு. மூன்றாவதை நடுவில் வைப்பது பலகை கோணாது காக்கும். ஆயின் முதிரைபோன்ற பாரமான மரத்திற்கு அதனை மேற்பிணைச்சலுக்குச் சற்றுக் கீழே வைத்தால் பறிப்பிழுவையை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். எது தேவையென்பது மரத்தைப் பொறுத்தது. ஓடாவியாரிடம் இதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். துளையிட்ட பின் மாற்றுவது கடினம்.

கடை, வைத்தியசாலை, வங்கி ஆகியவற்றின் கதவு நாளொன்றிற்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடப்படுவது. அங்கே தகட்டோடு தகடு உராயும் சாதாரண பிணைச்சல் விரைவில் தேய்ந்து கதவு இறங்கிவிடும். கணுக்களுக்கிடையே சிறு உருக்குக் குண்டுகள் வைத்த பிணைச்சலைக் கடைகளிற் 'பெயாரிங் பிணைச்சல்' என்பர். விலை கூடிற்றாயினும் அத்தகைய இடங்களில் அதனையே வாங்குக.

பிணைச்சலைவிடத் திருகாணிக்கே நான் கூடிய முக்கியத்துவம் கொடுப்பேன். பிணைச்சலோடு கடையிற் சேர்த்துத் தரும் ஆணிகள் பெரும்பாலும் கட்டையானவை. அவற்றை ஒதுக்கிவிட்டு ஒன்றரை அங்குல ஆணி தனியே வாங்குவது நலம். ஏற்றும் முறை அதனினும் முக்கியமானது. வேலை விரைவு கருதித் திருகாணியைச் சுத்தியலால் முக்காற் பங்கு அறைந்து, கடைசி இரண்டு சுற்றை மாத்திரம் திருப்புளியால் முறுக்கும் வழக்கம் எங்கும் பரவியிருக்கின்றது. அவ்வாறு அறையப்பட்ட ஆணியின் புரி மரத்தின் நாரைப் பற்றாது கிழித்துவிடும். பார்வைக்கு ஆணி ஆணிதான், பிடிப்பு இல்லை. ஆணியின் தண்டிலும் மெல்லிய துறப்பணத்தால் முன்னர்த் துளையிட்டு, புரியிற் சவர்க்காரம் தடவி, முழுவதையும் முறுக்கி ஏற்றவேண்டும். பித்தளை ஆணி மென்மையானது. முதிரையில் நேரே முறுக்கினால் தலை முறிந்துவிடும். அதே அளவு உருக்கு ஆணியை முதலில் ஏற்றிக் கழற்றி, அந்தப் புரி வழியிற் பித்தளை ஆணியைச் செலுத்துவது தேர்ந்த தச்சர் கைக்கொள்ளும் முறை. இதற்கெல்லாம் நேரம் செல்லும். நாட்கூலியாகப் பேசாமற் கதவொன்றுக்கு இவ்வளவு எனத் துண்டுவேலையாகப் பேசிவிட்டு, பின்னர் ஓடாவியாரைக் குறை கூறும் வீட்டுக்காரரை என்னென்பது!

இனி உலோகம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கடலுக்கு வெகுதூரத்தில் உள்ள ஊர் என்று ஒன்றில்லை. உப்புக் காற்று இரும்பை உண்ணும். நாகமுலாம் பூசிய இரும்புப் பிணைச்சல் உள்ளறைக்கு ஒருவாறு உதவும். விறாந்தைக்கும் குசினிக்கும் குளியலறைக்கும் உதவாது. பித்தளை நெடுங்காலம் நின்று பிடிக்கும். பச்சைக் களிம்பு படியினும் உள்ளே அரிக்காது. ஆயின் பித்தளைப் பிணைச்சலுக்கு இரும்பாணி இடுவது பெரும் பிழை. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும்போது அவற்றுள் இழிந்தது விரைந்து அரிக்கப்படும். இங்கே அரிக்கப்படுவது இரும்பாணி. பிணைச்சல் பளபளப்பாக இருக்க, அதனைத் தாங்கும் ஆணி உள்ளே துகளாகிவிடும். கறையில் உருக்கிலும் வகை உண்டு. 304 எனக் குறிக்கப்படுவதிற் குரோமியம் நூற்றுக்கு 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் அளவிற் கலந்திருக்கும். 316 எனப்படுவதில் மொலித்தனமும் இரண்டு பங்குக்கு மேற் சேர்ந்திருத்தலால் அது உப்பை நன்கு தாங்கும். காரைநகர், பருத்தித்துறை, மன்னார், மட்டக்களப்பு என்னும் இடங்களிற் கடலை நோக்கிய வாயிலுக்கு 316 வாங்குவது வீண்செலவன்று.

கடைக்காரரின் சொல்லை நம்பமாட்டாதார் சிறு காந்தமொன்றைச் சட்டைப்பையிற் கொண்டு செல்லலாம். பித்தளை என விற்கப்படுவதிற் காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. மேலே இருப்பது மஞ்சள் முலாம். 304 இலும் 316 இலும் காந்தம் ஒட்டாது, அல்லது மிக மெல்லவே ஒட்டும். இச்சோதனை கைபிடிக்கு முழுவதும் பயன்படாது. மலிந்த கைபிடிகள் பல நாகக் கலப்புலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படுவன. அவற்றிலும் காந்தம் ஒட்டாது. கையிலே தூக்கிப் பார்த்துப் பருமனுக்கு ஏற்ற பாரம் உண்டோ என அறிதலே வழி. அத்தகைய கைபிடி உள்ளே முளை மாட்டும் சதுரத் துளையிலே தேய்ந்து, ஈற்றிற் கைபிடி கையோடு வந்துவிடும்.

பூட்டைப்பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மரத்தால் ஆகிய முளைப் பூட்டைப் பண்டை எகிப்தியர் அறிந்திருந்தனர். பின்னர் 1778 ஆம் ஆண்டில் றொபேட் பரன் என்னும் ஆங்கிலேயர் நெம்புத் தகடுகள் கொண்ட பூட்டைத் திருத்தி அமைத்தார். உள்ளேயிருக்கும் மெல்லிய தகடுகளை திறப்பு உயர்த்துகின்றது. ஒவ்வொரு தகடும் குறித்த உயரத்திற்கு, கூடாமலும் குறையாமலும் உயர்ந்தாலன்றிப் பூட்டின் நாக்கு நகராது. 1851 ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியின்போது அமெரிக்கரான ஹொப்ஸ், எவராலும் திறக்கவியலாது என்று புகழப்பட்ட சப் பூட்டை 25 நிமிடங்களிலே திறந்து காட்டினார். பிராமா பூட்டைத் திறக்க அவருக்கு 16 நாட்களிற் பரந்த 51 மணிநேரம் சென்றது. பூட்டுச் செய்வோரின் செருக்கு அன்றோடு அடங்கிற்று. அதன்பின் 1861 இல் லைனஸ் யேல் உரிமம் பெற்றதே இன்று உலகெங்கும் வழங்கும் சிறிய தட்டைத் திறப்புப் பூட்டு. அதன் உருளையினுள் ஒவ்வொரு முளையும் இரண்டு துண்டாக, வில்லொன்றினால் அழுத்தப்பட்டிருக்கும். திறப்பின் பற்கள் முளைகளை உயர்த்தும்போது எல்லாத் துண்டுகளின் பிரிவும் உருளையின் விளிம்போடு ஒரே வரியில் நின்றால் உருளை சுழலும்.

தலைவாயிலுக்கு நெம்புப் பூட்டாயின் ஐந்து தகடு உள்ளதை வாங்குக. இரண்டு தகட்டுப் பூட்டு உள்ளறைக்கே உரியது. வளைத்த கம்பியொன்று போதும் அதனைத் திறக்க. பிரித்தானிய நியமம் 3621 என்னும் முத்திரை உள்ள பூட்டின் நாக்கு 20 மில்லிமீற்றர் வெளிநீளும். ஆயிரத்துக்குக் குறையாத வேறுபட்ட திறப்புகள் அவ்வகையில் உண்டு. மலிந்த பூட்டுகளிலே அயல்வீட்டுத் திறப்பு நம் வீட்டைத் திறப்பது கதையன்று. உருளைப் பூட்டாயின் உருளையின் தலை வெளித்தகட்டுக்கு மேல் 3 மில்லிமீற்றருக்குக் கூடுதலாகப் புடைத்து நிற்கலாகாது. நின்றால் குறட்டினாற் பற்றி முறித்துவிடுவர். கதவின் தடிப்பை அளந்து கொண்டு சென்று அதற்கேற்ற நீள உருளையைக் கேட்டு வாங்கவேண்டும்.

பூட்டு எத்துணைச் சிறந்ததாயினும், அதன் நாக்குப் புகுவது நிலையிற் பதித்த ஒரு சிறு தகட்டினுள்ளே. அத்தகட்டை அரை அங்குல ஆணி இரண்டினாற் பொருத்திவிட்டு, விலையுயர்ந்த பூட்டைப் போட்டோம் என்று நிம்மதியாக உறங்குவாரைக் கண்டிருக்கின்றேன். காலால் ஓங்கி உதைத்தாற் பெயர்வது பூட்டன்று, தகடு. இரண்டங்குல ஆணி இடுக. பூட்டைக் கதவின் தடிப்பினுள்ளே புதைக்கும்போது மற்றொன்று கவனிக்கவேண்டும். கதவின் நடுக்குறுக்குச் சட்டத்தின் கழுந்து நெடுஞ்சட்டத்தினுட் புகும் இடத்திலே பூட்டுக்குத் துளை எடுத்தால், கதவைக் கட்டிப் பிடித்திருக்கும் மூட்டையே வெட்டியவராவோம். துளை அம்மூட்டுக்கு மேலே அல்லது கீழே அமையவேண்டும். ஒன்றரை அங்குலத்திலும் மெல்லிய கதவிற்குப் புதைக்கும் பூட்டே வேண்டாம். முகத்திற் பொருத்தும் பூட்டுப் போதும்.

ஐப்பசி கார்த்திகை மாரியிற் பலகை பருத்துக் கதவு இறுகும். உடனே சீவுளியை எடுத்தல் கூடாது. மாசி பங்குனியில் அதே கதவு சுருங்கி, சீவிய இடம் பல்லிளிக்கும். தொடக்கத்திலேயே நிலைக்கும் கதவிற்கும் இடையே 3 மில்லிமீற்றர் விட்டு, கதவின் தலைவிளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் சேர்த்து வார்ணிசு பூசியிருந்தால் இத்தொல்லை பெரும்பாலும் வராது. அடிவிளிம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதனால் அதனைப் பூசாது விடுவர். நீர் ஏறுவது அங்கேதான்.

இதுவரை கூறியது கதவு விழாமலும் கள்வர் புகாமலும் இருப்பதற்கு. உள்ளிருப்போர் வெளியேறுவதைப்பற்றிப் பலர் எண்ணுவதேயில்லை. நம் வீடுகளின் யன்னல்கள் எல்லாம் இரும்புக் கம்பி பொருத்தியவை. இரவிலே முன்கதவையும் பின்கதவையும் திறப்பினாற் பூட்டி, திறப்புக்கோர்வையைத் தலையணையின் கீழோ அலுமாரியிலோ வைத்துவிட்டு உறங்குகின்றோம். நள்ளிரவிற் குசினியில் எரிவாயு பற்றிக்கொண்டால், அல்லது மின்கம்பி எரிந்து வீடு புகையால் நிறைந்தால், இருளிலே திறப்பைத் தேடி, திறப்புத் துளையைத் தடவிக் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் செல்லும்? அந்நிமிடங்கள் புகை தருவதில்லை. ஆகவே தலைவாயிற் பூட்டு வெளியிலிருந்து திறப்பினாலும் உள்ளிருந்து திறப்பின்றிச் சிறு குமிழைத் திருகுவதாலும் திறக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். பக்கத்திற் கண்ணாடி இருந்தால் அதனை உடைத்துக் கைவிட்டுத் திருகுவரே என்பர். அங்ஙனமாயின் கண்ணாடியை மாற்றுக, குமிழை மாற்றாதீர். ஏற்கெனவே உள்ள பூட்டை மாற்ற வசதியில்லாதோர், திறப்பொன்றை வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், கதவின் அருகிலேயே ஓர் ஆணியில் தொங்கவிட்டு, வீட்டுப் பிள்ளைகள் முதியோர் யாவருக்கும் அதைக் காட்டிவைத்தல் கடன்.

குளியலறைக்கு நீண்ட தாழ்ப்பாள் இடுவதும் அத்தகைய தவறே. வயோதிபர் உள்ளே மயங்கி வீழ்ந்தால் கதவைப் பிளக்கவேண்டி வரும். உள்ளே திருகு, வெளியே நாணயத்தால் திருப்பக்கூடிய கீற்று என அமைந்த சிறு பூட்டுகள் கடைகளில் உள்ளன. விலையும் அதிகமன்று.

பலர் கூடும் மண்டபத்திற் கதவுப் பொருள் எத்துணைப் பெரிய விடயம் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் சான்று. இங்கிலாந்திலே சண்டர்லாந்து நகரத்து விக்டோரியா மண்டபத்தில் 1883 ஆம் ஆண்டு ஆனி 16 ஆந் திகதி சிறுவர்க்கான காட்சியொன்று நடைபெற்றது. முடிவிற் பரிசு வழங்கப்படும் என்ற அறிவிப்பைக் கேட்டு மேல்மாடிப் பிள்ளைகள் படியிறங்கி ஓடினர். படியின் அடியிலிருந்த கதவு, ஒரு பிள்ளை மாத்திரம் நுழையத்தக்க இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. பின்வந்தோர் முன்நின்றோரை நெருக்க, 183 பிள்ளைகள் மூச்சடைத்து மாண்டனர். தீயில்லை, இடிபாடில்லை, ஒரு தாழ்ப்பாள். சிக்காகோவில் 1903 மார்கழி 30 இல் இரொக்குவா நாடக அரங்கு தீப்பற்றியபோது 602 பேர் இறந்தனர். வெளியேறும் கதவுகள் பல பூட்டப்பட்டிருந்தன, சில எவரும் அறியாத பொறியினால் தாழிடப்பட்டிருந்தன. நியூயோர்க்கிலே 1911 பங்குனி 25 இல் தையற் சாலையொன்றில் 146 தொழிலாளர் மாண்டதற்கு, களவு போகாதிருக்க ஒன்பதாம் மாடிக் கதவைப் பூட்டி வைத்திருந்தமை ஒரு காரணம். நூறாண்டு கழித்தும் இது ஒழிந்ததன்று. 2012 கார்த்திகை 24 இல் டாக்காவின் அருகே ஆடைத்தொழிற்சாலையில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோதும் மாடி வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன.

இரொக்குவா அரங்கிற்கு அன்று செல்லவிருந்து தற்செயலாகச் செல்லாது தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்னும் இரும்புக்கடை விற்பனையாளர். அவர் கட்டடக் கலைஞர் ஒருவருடன் சேர்ந்து உருவாக்கிய பொறி 1908 இல் விற்பனைக்கு வந்தது. கதவின் உட்புறத்திலே இடுப்பளவில் குறுக்காக ஒரு சட்டம். அதனை உடம்பாற் சாய்த்துத் தள்ளினாலும் பூட்டு விடுபட்டுக் கதவு வெளிப்புறம் திறக்கும். திறப்பும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம், அறிவும் வேண்டாம். வெளியிலிருந்து பார்ப்பார்க்குக் கதவு பூட்டியே இருக்கும். இதனைத் தள்ளுசட்டம் என்று தமிழிற் கூறலாம். நம் பாடசாலை மண்டபங்களிலும் திருமண மண்டபங்களிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் இது அருமையாகவே காணப்படுகின்றது. நான் சென்ற ஒரு நிலையத்திலே இருநூறு பிள்ளைகள் அமரும் கொட்டகைக்கு இரண்டு கதவு உண்டு. ஒன்று உட்புறம் திறப்பது, மற்றையது சைக்கிள் களவு போகாதிருக்க ஆமைப்பூட்டினாற் பூட்டியது. எந்நிலையம் எனக் கேட்கவேண்டாம். வாசகர்கள் தத்தம் ஊரிற் சென்று பார்க்க. ஆமைப்பூட்டும் கொண்டியும் வெறுங் கட்டடத்திற்கு உரியன. உள்ளே மனிதர் இருக்கும் வேளையில் வெளியே ஆமைப்பூட்டுத் தொங்குதல் எவ்வாற்றானும் பொருந்தாது. கடையின் ஷட்டரை வெளியே பூட்டிவிட்டு, வேலையாளை உள்ளே படுக்கவைக்கும் முதலாளிமாருக்கும் இது பொருந்தும்.

பொதுக்கட்டடக் கதவு வெளிப்புறம் திறக்கவேண்டும் என்பதும் தானாக மூடவேண்டும் என்பதும் வேறு வேறு தேவைகள். தானாக மூடவைக்கும் எண்ணெய்ப் பொறியை 'டோர் குளோசர்' என்கின்றோம். இது ஒன்று முதல் ஏழு வரை இலக்கமிட்டு வலிமை வகுக்கப்பட்டது. 950 மில்லிமீற்றர் அகலமும் 60 கிலோகிராம் நிறையும் வரை உள்ள கதவிற்கு மூன்றாம் இலக்கம். 1100 மில்லிமீற்றரும் 80 கிலோகிராமும் வரை நாலாம் இலக்கம். வலிமை கூடியது நல்லது எனக் கருதிப் பெரியதைப் பூட்டினால் முதியோரும் பிள்ளைகளும் கதவைத் திறக்க மாட்டாது திண்டாடுவர். பொறியின் பக்கத்திற் பெரும்பாலும் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று கதவு வரும் வேகத்தையும் மற்றையது கடைசியாகப் பூட்டில் விழும் வேகத்தையும் மாற்றும். இவற்றைத் திருப்பத் தெரியாமையால் அறைந்து மூடும் கதவுகள் எத்தனையோ அலுவலகங்களில் உள. தீத்தடுப்புக் கதவிற்கு இப்பொறி இன்றியமையாதது. அக்கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே விட்டிருப்பதாற் புகை மாடியெங்கும் ஏறும். அதற்கு உருக்குப் பிணைச்சலே வேண்டும். நாகம் 420 பாகையளவில் உருகிவிடும், உருக்கு 1400 பாகை தாண்டியும் நிற்கும்.

இக்காலத்து மின்பூட்டுகளைப்பற்றி ஒரு சொல். மின்காந்தப் பூட்டு மின்சாரம் உள்ளவரை பற்றும், நின்றால் விடும். உயிர்க்கு நல்லது, பொருளுக்கு நல்லதன்று. வேறு சில மின்சாரம் நின்றாற் பூட்டியபடியே இருப்பன. 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்டிலே, எவ்வகை வாங்குகின்றோம் என்பதைக் கேட்டறியாது வாங்குதல் தகாது. விரலடையாளப் பூட்டு மின்கலத்தால் இயங்குவது. சாதாரண திறப்பாலும் திறக்கக்கூடியதாயின் வாங்கலாம். தோட்டவேலை செய்து ரேகை தேய்ந்த விரலை அது பல வேளை அறியாது என்பதையும் மனத்திற் கொள்க.

கைபிடி குமிழாயின் அதனை இறுகப் பற்றித் திருக வேண்டும். மூட்டுவாதம் உள்ளாரும், ஈரக்கையரும், கையிற் குழந்தையுடன் நிற்கும் தாயும் அது செய்ய மாட்டார். நெம்புக் கைபிடியை முழங்கையாலும் அழுத்தலாம். நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம் யாவர்க்கும் ஏற்கும். வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்க நம் நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், பொதுக்கட்டடங்களில் அவர் தடையின்றி நுழைதற்கு 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் உள்ளன. சக்கர நாற்காலிக்குக் கதவு திறந்தபின் எஞ்சும் வழி 32 அங்குலமாவது வேண்டும். முப்பது அங்குல அறைக் கதவு அதற்குப் போதாது. நாம் எல்லோரும் முதுமையை நோக்கியே செல்கின்றோம் ஆதலின் சொந்த வீட்டிலும் ஓர் அறைக்கேனும் மூன்றடிக் கதவு வைக்கலாம்.

பூட்டும் கைபிடியும் வாங்கச் செல்லும்போது கதவு இடக்கையா வலக்கையா என்று கேட்பர். பிணைச்சல் உள்ள நிலைக்காலில் முதுகைச் சாய்த்து நின்று, கதவு எக்கைப் பக்கம் பெயர்கின்றது எனப் பார்த்தால் அக்கையே அக்கதவின் கை. ஆயினும் எல்லா உற்பத்தியாளரும் ஒரே வழக்கைக் கைக்கொள்வதில்லை. சிறு படமொன்று வரைந்து, பிணைச்சல் எப்பக்கம், கதவு உட்புறமா வெளிப்புறமா திறப்பது, தடிப்பு எவ்வளவு, மரம் எது எனக் குறித்துக் கொடுப்பது பாதுகாப்பு.

கடைசியாக, பலரும் மறக்கும் பொருள் ஒன்று உண்டு. வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகம் வீசும் நாட்களிலே திறந்து விட்ட கதவு ஓங்கி அறைந்து, பிணைச்சலின் ஆணிகளை அசைத்துவிடும். குழந்தைகளின் விரல் நசுங்குவதும் அப்பொழுதே. கதவின் பின்புறத்தில் ஒரு கொளுக்கியும் சுவரில் ஒரு வளையமும் போதும். அவற்றை நிலத்தோடு ஒட்டி வைக்காமல், குனியாது கை எட்டும் உயரத்தில், பிணைச்சலுக்கு அணித்தாக அன்றிக் கதவின் வெளி விளிம்புக்கு அணித்தாகப் பொருத்தும்படி ஓடாவியாரிடம் சொல்க. சுவர் பூசுமுன்னரே வளையத்திற்கு இடம் குறித்துக் கொடுத்தால், பின்னர்ச் சாந்து உடைக்க வேண்டியதில்லை.